டிகாஷன் ஏன் கசக்கிறது? குறை பொடியிலா ஃபில்டரிலா என்று கண்டுபிடிக்கும் வழி

காபிக்கொட்டை விலை ஏறினால் வீட்டுக் காபி கசக்குமா? விலைக்கும் ருசிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் விலை ஏறும்போது அடுக்களையில் நாம் செய்யும் சிக்கனங்களுக்கும் கசப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரேசிலிலும் வியட்நாமிலும் அடுத்தடுத்து வறட்சி வந்து விளைச்சல் குறைந்ததால், 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் கொட்டை ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அந்தச் சூடு கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் வந்து சேரும்போது வீடுகளில் வழக்கமாக நடப்பவை மூன்று. சிக்கரி கூடுதலான பாக்கெட்டுக்கு மாறுவது ஒன்று. பொடியில் ஒரு ஸ்பூனைக் குறைத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றுவது இன்னொன்று. ஒரே பொடியில் இரண்டாம் டிகாஷன், மூன்றாம் டிகாஷன் இறக்குவது மற்றொன்று.

மூன்றுமே காபியைக் கசக்க வைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வழியில். முதலாவது பொடியின் குறை, மற்ற இரண்டும் இறக்கும் முறையின் குறை. இது தெரியாமல் பொடிக் கடையை மாற்றுவதும் ஃபில்டரை மாற்றுவதும் காசுக்குக் கேடு. கசப்பு எந்த இடத்தில் நுழைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாக்கில் படுவது கசப்புதானா?

"காபி கசக்குது" என்று சொல்லும்போது நான்கு வெவ்வேறு கோளாறுகளில் ஏதேனும் ஒன்றைச் சொல்கிறோம்.

1. கசப்பு: நாக்கின் பின்பகுதியில் பட்டு, விழுங்கிய பிறகும் நிற்கும். பாகற்காய் வகை.
2. துவர்ப்பு: வாய் உலர்ந்து, நாக்கு கன்னத்தோடு ஒட்டுவது போலிருக்கும். வாழைப்பூ, நெல்லிக்காய் வகை. இது பெரும்பாலும் பொடியை அளவுக்கு மீறிப் பிழிந்ததன் அடையாளம்.
3. கருகல்: முதலில் மூக்குக்குத்தான் தெரியும். கொட்டை அளவுக்கு மேல் வறுபட்டிருக்கிறது, அல்லது டிகாஷன் அடுப்பில் கொதித்திருக்கிறது.
4. காரலும் உலோக வாடையும்: பாத்திரத்தின் குறை. ஈயம் தேய்ந்துபோன பித்தளை ஃபில்டர், ஈயம் போன பித்தளை டபரா. டிகாஷன் இலேசான புளிப்புத் தன்மை உள்ளது. ஈயம் பூசாத பித்தளையில் நின்றால் களிம்பு இறங்கும். இதற்குப் பொடியை மாற்றிப் பயனில்லை. ஈயம் பூசிக்கொள்வது ஒன்றே வழி, அதுவரை அந்தப் பாத்திரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும்.

கசப்பு உண்டாகும் விதம்

கசப்புக்குக் காரணம் கஃபீன் என்று பலர் நினைக்கிறார்கள். கஃபீன் கசக்கும் என்பது உண்மை, ஆனால் ஒரு டம்ளர் காபியின் மொத்தக் கசப்பில் அதன் பங்கு சிறியது. கஃபீன் நீக்கிய காபியும் கசக்கத்தான் செய்கிறது.

பெரிய பங்கு குளோரோஜெனிக் அமிலம் என்ற பொருளிலிருந்து வருகிறது. பச்சைக் கொட்டையில் இது நிறைய இருக்கிறது. மிதமாக வறுக்கும்போது இது லாக்டோன்களாக மாறும். அவற்றின் கசப்பு மென்மையானது, காபிக்கு வேண்டியதும்கூட. இன்னும் வறுத்தால் அந்த லாக்டோன்கள் உடைந்து ஃபீனைல்இண்டேன் என்ற பொருள்கள் உண்டாகும். கரிய வறுவலில் நாக்கை விட்டுப் போகாமல் நிற்கும் முரட்டுக் கசப்பு இவற்றால் வருவது.

அடுத்தது கரைதல். வறுத்த காபிப் பொடியில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையும், மீதி சக்கை. அந்த 30-லும் 18 முதல் 22 வரை இறங்கினால் ருசி சரியாக இருக்கும் என்பது காபித் தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. புளிப்பும் மணமும் தரும் பொருள்கள் முதலில் கரையும், பிறகு இனிப்பு. கசப்பும் துவர்ப்பும் தருபவை மெதுவாகக் கரைந்து கடைசி வரை வந்துகொண்டிருக்கும். பொடி குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருந்தால், அல்லது தண்ணீர் பொடியோடு அதிக நேரம் கிடந்தால், அந்தக் கடைசிப் பகுதியும் டிகாஷனில் இறங்கிவிடும். அதனால்தான் பொடியைக் குறைத்தால் காபி நீர்த்தும் இருக்கிறது, கசக்கவும் செய்கிறது. "ஸ்ட்ராங்கா இருக்கு, பொடியைக் குறை" என்று சொல்லி நிலைமையை மோசமாக்குவது இப்படித்தான்.

சிக்கரியின் கணக்கு தனி. அது ஒரு செடியின் வேர், கஃபீன் கிடையாது. நம் ஊருக்கு வருவது பெரும்பாலும் குஜராத், உத்தரப்பிரதேசத்து விளைச்சல். வறுத்த சிக்கரியில் பாதிக்கு மேல் தண்ணீரில் கரைந்துவிடும். எனவே டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் தெரியும், ஆனால் அந்த நிறத்தைக் காபியின் அடர்த்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று டம்ளர் சோதனை

பொடியா, ஃபில்டரா என்ற கேள்விக்கு அடுக்களையிலேயே பதில் கிடைக்கும். சமையல் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குவித்த மேசைக்கரண்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 அல்லது 8 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1. ஃபில்டரின் மேல்பாத்திரத்தில் 24 கிராம் பொடி போட்டு, பக்கத்தில் தட்டிச் சமப்படுத்தி, துளைத்தட்டை மேலே வையுங்கள். 150 மில்லி வெந்நீர் ஊற்றி மூடுங்கள். பொடி தன் எடையைப் போல இருமடங்கு நீரைக் குடித்துக்கொள்ளும், கீழே 100 மில்லி அளவுக்கு டிகாஷன் வரும்.
2. முதல் 30 மில்லி இறங்கியதும் மேல்பாத்திரத்தைத் தூக்கி வேறு டம்ளரின் மேல் வையுங்கள். அடுத்த 30 மில்லிக்குப் பிறகு மூன்றாவது டம்ளருக்கு மாற்றுங்கள்.
3. முதல் டம்ளர் கள்ளிச்சொட்டு போலக் கறுத்து வழவழப்பாக இருக்கும், மூன்றாவது டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். அப்படியே குடித்து ஒப்பிட முடியாது. முதலாவதில் ஒரு டீஸ்பூன், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என எடுத்து, நிறம் ஏறக்குறைய ஒன்றாகும் வரை வெந்நீர் கலந்துகொள்ளுங்கள். பால், சர்க்கரை வேண்டாம்.
4. வெதுவெதுப்பாக ஆறிய பிறகு முதலாவதிலிருந்து வரிசையாகச் சுவையுங்கள். சூட்டில் கசப்பு மறைந்து நிற்கும், ஆறினால்தான் தெளிவாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாயைக் கொப்பளியுங்கள்.

முதல் டம்ளரே கசந்தால் குறை பொடியில். முதலிரண்டும் நன்றாக இருந்து, மூன்றாவது மட்டும் கசந்து துவர்த்தால் குறை இறக்கும் முறையில். மூன்றும் சப்பென்று இருந்து அடியில் கசப்பு மட்டும் தெரிந்தால் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். மூன்றுமே நன்றாக இருந்தால் குறை பாலிலோ சூடாக்கும் விதத்திலோ இருக்கிறது.

குறை பொடியில் என்றால்

நம் காவிரி டெல்டாவில் காபி விளையாது. நம் கடைகளுக்கு வரும் கொட்டையில் பெரும்பகுதி குடகு, சிக்மகளூர்ப் பக்கத்தது. கொஞ்சம் ஏற்காடு, நீலகிரி, பழனி மலைச்சரிவுகளில் விளைவது. (காவிரி பிறக்கும் தலைக்காவிரியும் குடகில்தான் இருக்கிறது. கொட்டையும் தண்ணீரும் ஒரே மலையிலிருந்து நம் ஃபில்டருக்கு வருகின்றன.) இந்தியாவில் விளைவதில் பெரும்பங்கு ரொபஸ்டா என்ற இன்னொரு வகை. அராபிகாவில் கஃபீன் ஏறக்குறைய 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் 2 சதவீதத்துக்கு மேல். குளோரோஜெனிக் அமிலமும் ரொபஸ்டாவில் கூடுதல். அதனால் கசப்பும் கூடுதல், கூடவே கெட்டித்தன்மையும்.

கடையில் கேட்க வேண்டியவை இவை.

1. கொட்டை: "பிளான்டேஷன்" என்றால் பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா. "செர்ரி" என்றால் பழத்தோடு காயவைத்தது. "ரொபஸ்டா செர்ரி" இருப்பதில் முரட்டுத்தனமானது. கழுவிய ரொபஸ்டாவை "பார்ச்மென்ட்" என்பார்கள், அது சற்று மென்மை. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒற்றையாய் உருண்டு விளைந்த கொட்டை. அது அராபிகாவிலும் உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு. வெறுமனே "பீபெரி" என்று கேட்டு வாங்கினால் எது வருகிறது என்று தெரியாது. "அண்ணே, பிளான்டேஷன் பீபெரிதானே?" என்று கேட்டுவிடுவது நல்லது.

2. வறுவல்: அரைக்கும் முன் கொட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். செம்பழுப்பாக, மேற்பரப்பு உலர்ந்து இருந்தால் மிதமான வறுவல். கறுத்து எண்ணெய் மினுங்கினால் கரிய வறுவல். பாலில் காபி நிறம் எடுபட வேண்டும் என்று கரிய வறுவலைக் கேட்பவர்கள் உண்டு. சிக்கரி சேர்க்கும் வீட்டில் அதற்குத் தேவையே இல்லை, நிறத்தை சிக்கரி பார்த்துக்கொள்ளும். கரிய வறுவலும் 40 சதவீத சிக்கரியும் சேர்ந்தால் கசப்புக்கு மேல் கசப்பு.

3. சிக்கரி விகிதம்: கலவைப் பாக்கெட்டில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும் என்பதும் இந்தியச் சட்டம். 80:20, 70:30, 60:40, 53:47 என்றெல்லாம் கிடைக்கும். பெயரும் பாக்கெட் நிறமும் ஒன்றுபோல இருந்து விகிதம் மட்டும் மாறியிருக்கலாம் என்பதால் எண்ணைப் பாருங்கள். அரைத்து வாங்கும்போது இன்னொரு குழப்பம் வரும். "நூற்றுக்கு இருபது" என்றால் 100 கிராம் காபியோடு 20 கிராம் சிக்கரியா, 80 காபியோடு 20 சிக்கரியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் கணக்கில் சிக்கரி 17 சதவீதத்துக்குச் சற்றுக் கீழ், இரண்டாவதில் 20.

4. பொடியின் வயது: அரைத்த பொடியில் மணம் முதலில் போகும், கசப்பு போகாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பொடியில் மணத்தின் துணை இல்லாமல் கசப்பு தனியே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது இன்னும் வேகமாக நடக்கும். சிக்கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டிபட்டு, டிகாஷன் இறங்குவதையும் மந்தமாக்கும். மழைக்காலத்தில் 100 கிராம், 200 கிராமாக வாங்கி, இறுக்கமான டப்பாவில் வைத்து, உலர்ந்த ஸ்பூனால் மட்டும் எடுக்க வேண்டும். டப்பாவை அடுப்பு மேடையில் வைப்பது வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட கசப்புப் பொடியைக் கொட்ட வேண்டியதில்லை. மிதமாக வறுத்த, சிக்கரி இல்லாத தனிக் காபிப் பொடி வாங்கிக் கலந்துகொள்ளலாம். 60:40 பொடி 100 கிராமோடு தனிக் காபி 100 கிராம் சேர்த்தால் 80:20 ஆகிவிடும். 53:47 என்றால் 100 கிராமுக்கு 135 கிராம். தனிக் காபி என்று வாங்கியதில் சிக்கரி இருக்கிறதா என்று பார்க்க, குளிர்ந்த தண்ணீர் டம்ளரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டு உடனே அடியில் இறங்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை: பிளான்டேஷன் 'ஏ' தரம் பாதி, பிளான்டேஷன் பீபெரி பாதி, மிதமான வறுவல், சிக்கரி 20. கையைக் கடித்தால் காபியில் கால் பங்கை ரொபஸ்டா பார்ச்மென்ட் ஆக்கலாம். சிக்கரியை 40-க்கு ஏற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

குறை ஃபில்டரில் என்றால்

1. அளவு. 150 மில்லி தண்ணீருக்கு 24 கிராம். பொடியைக் குறைக்க நினைத்தால் அதே கணக்கில் தண்ணீரையும் குறைக்க வேண்டும்: 16 கிராமுக்கு 100 மில்லி. ஒரு டம்ளர் காபிக்கு 30 முதல் 40 மில்லி டிகாஷன், அதன் மேல் 100 முதல் 120 மில்லி பால். இரண்டு பேருக்கு எட்டுப் பேர் ஃபில்டரை எடுத்தால் பொடிப் படுகை மெலிந்து, தண்ணீர் ஒரே பக்கமாக வழிந்துவிடும். சிறிய ஃபில்டர் ஒன்று தனியாக இருக்கட்டும்.

2. அரைப்பு. ஃபில்டர் பொடி விரலிடுக்கில் தேய்த்தால் நைஸ் ரவையைவிடச் சன்னமாக, ஆனால் மாவைப் போல ஒட்டாமல் நெருநெருக்க வேண்டும். மாவாக அரைத்தால் துளை அடைபடும், தண்ணீர் பொடியிலேயே கிடந்து ஊறும். ஊற்றியதிலிருந்து 15, 20 நிமிடத்தில் முக்கால்வாசி டிகாஷன் இறங்கியிருக்க வேண்டும். ஒரு மணி நேரமாகியும் மேலே தண்ணீர் நின்றால் அரைப்பு, அடைப்பு, காற்று மூன்றில் ஒன்று கோளாறு.

3. அமுக்குவது. துளைத்தட்டு பொடியின் மேல் உட்கார்ந்தால் போதும். காம்பைப் பிடித்து ஓங்கி அமுக்கினால் இறங்குவது தடைபடும்.

4. தண்ணீரின் சூடு. "கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே, அதுதான் கசப்பு" என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் நல்லது. குளிர்ந்த எவர்சில்வர் ஃபில்டரில் 150 மில்லி கொதிநீரை ஊற்றினால் பாத்திரமே சூட்டை வாங்கி, பொடியை அடையும்போது அந்த அளவுக்கோ அதற்குக் கீழோ வந்துவிடும். கொதி அடங்கியதும் ஊற்றலாம். இதை மட்டும் மாற்றிக் கசப்பு போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கரிய வறுவல் பொடிக்கு மட்டும் அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் வித்தியாசம் தெரியும்.

5. காற்றடைப்பு. மேல்பாத்திரமும் கீழ்ப்பாத்திரமும் இறுகப் பொருந்தி, பொருத்தில் ஈரமும் சேர்ந்தால் கீழே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் சொட்டு நின்றுவிடும். மேல்பாத்திரத்தை நூலளவு தூக்கி வைத்தால் மறுபடி இறங்கும். பொருத்தில் ஈரம் இல்லாமல் துடைத்து வைத்தால் இது வராது.

6. துளை அடைப்பு. கழுவிய மேல்பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எல்லாத் துளையிலும் வெளிச்சம் வர வேண்டும். எவர்சில்வர் ஃபில்டரின் அடியைச் சிறு தணலில் ஒன்றிரண்டு நிமிடம் காட்டினால் சிக்கிய பொடி எரிந்து உதிரும். ஆறிய பின் தட்டிக் கழுவலாம். பித்தளை ஃபில்டரில் இதைச் செய்யவே கூடாது. ஈயமாகப் பூசியிருப்பது வெள்ளீயம், அது 232 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய ஊசியால் குத்தி எடுப்பதே சரி. கீழ்ப்பாத்திரத்தின் உள்சுவரில் படியும் பழுப்பு எண்ணெய்ப் பிசுக்கு சிக்குவாடையைத் தரும். அரை லிட்டர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு 20 நிமிடம் ஊறவைத்தால் விட்டுவிடும்.

7. இரண்டாம் டிகாஷன். மூன்றாவது டம்ளரில் கண்ட ருசிதான் இதில் முழுக்க முழுக்க இருக்கும். முதல் டிகாஷனோடு கலந்தால் அதையும் கெடுக்கும். பொடி மிச்சமாவது போலத் தோன்றும், ஆனால் கசப்பை மறைக்கப் பாலும் சர்க்கரையும் கூடுதலாகப் போகிறது.

இரவே ஃபில்டர் போட்டுக் காலையில் எடுக்கும் வழக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். துளை சுத்தமாக இருந்து முதல் அரை மணியில் டிகாஷன் இறங்கிவிட்டால் அதனால் கசப்பு வராது, மணம்தான் குறையும்.

தண்ணீர்

ஆற்றோரத்துத் தண்ணீருக்கும் கடற்கரைப் பக்கத்து போர்வெல் தண்ணீருக்கும் டெல்டாவுக்குள்ளேயே பெரிய வித்தியாசம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பதால்தான் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். கடின நீரில் உள்ள பைகார்பனேட் காபியின் நல்ல புளிப்பை மட்டுப்படுத்திவிடும். எதிர்நிற்க ஆளில்லாமல் கசப்பு மேலே வரும். மறுபுறம், உப்பு முழுக்க நீக்கிய ஆர்ஓ நீரில் காபி உயிரில்லாமல் மெலிந்திருக்கும். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 150 நல்லது. ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வருபவரிடம் இதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், குழாய் நீரையும் ஆர்ஓ நீரையும் அளந்து கலந்துகொள்ளலாம். மீட்டர் இல்லாவிட்டால், ஒரு நாள் கேன் தண்ணீரில் அதே பொடியை இறக்கிப் பாருங்கள். அதிலேயே தெரிந்துவிடும்.

டிகாஷன் சரி, டம்ளரில் கசக்கிறது என்றால்

முதல் குற்றவாளி, டிகாஷனை அடுப்பில் வைத்துச் சுட வைப்பது. கொதித்த டிகாஷனில் மணம் ஆவியாகிப் போகும். லாக்டோன்கள் பிரிந்து புளிப்பும் கசப்பும் துவர்ப்பும் ஏறும். பாலோடு டிகாஷனைச் சேர்த்துக் கொதிக்கவிடுவதும் இதே தவறுதான். பாலை மட்டும் பொங்கக் காய்ச்சி, ஆறிய டிகாஷனில் ஊற்றி, டபராவில் நான்கு ஆற்று ஆற்றினால் சூடு போதுமானதாக இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்த டிகாஷனாக இருந்தால் கிண்ணத்தில் எடுத்து வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மூடி வைத்தால் ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும், அதற்கு மேல் வைக்காதீர்கள்.

பாலும் முக்கியம். பால் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு கசப்பின் முனையை மழுக்கும். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6. தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சினால் இந்த வேறுபாடு டம்ளரில் நன்றாகத் தெரியும். கும்பகோணம் டிகிரி காபியின் பெயர் நின்றதே தண்ணீர் கலக்காத புதுப் பாலில்.

ஏற்கெனவே கசந்துவிட்ட டிகாஷன்

விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது புது டிகாஷன் இறக்க நேரம் இருக்காது. 100 மில்லி டிகாஷனுக்கு இரண்டு விரலால் எடுக்கும் சிட்டிகையில் பாதி அளவு உப்பு போட்டுக் கலக்குங்கள். சோடியம், கசப்பை நாக்கு உணர்வதையே குறைக்கிறது. அந்த அளவில் உப்புக் கரிக்காது, பாலும் திரியாது. வீட்டுத் தண்ணீரே உப்பாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். கருகலுக்கும் பித்தளைக் களிம்புக்கும் இது உதவாது. களிம்பு இறங்கிய டிகாஷனைக் கொட்டிவிட வேண்டும், அது வயிற்றுக்கும் ஆகாது.